வாரம் ஒரு திருத்தம்

ஏரிக்கரையான் அவர்களுக்கு,

பெற்ற பிள்ளைக்கு "அவர்கள்" போட்டு எழுத வேண்டிய நிலைமை வந்துவிட்டது. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நீ வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிடுகிறாய். ஏரிக்கரையான் என்று யார் கூப்பிட்டாலும், துபாயிலிருந்து கூப்பிட்டாலும் திருப்பூரிலிருந்து கூப்பிட்டாலும், உடனே திரும்பிப் பார்க்கிறாய். அதனால் நானும் அந்த வழியாகவே வருகிறேன். நான் உன் அம்மா. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பவள். நீ ஏரிக்கரையான் என்ற புனைபேரில் இணையத்தில் நடத்துகிற குழுவில் நேற்றுதான் என் பேரில் உறுப்பினராகச் சேர்ந்தேன். அங்கே சனிக்கிழமைதோறும் நீ போடுகிற "வாரம் ஒரு திருத்தம்" பகுதியில் இந்த வாரத் தலைப்பைப் பார்த்தேன். "சொல்லத் தயங்கும் ஓர் உண்மையை எப்படிச் சொல்வது?" நல்ல தலைப்புதான். போன வருஷமும் இதே தலைப்பு வந்தது, அதை யோசித்துப் போட்டது யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆவணியில் உனக்குக் கல்யாணம். பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. அதற்குள் இதைச் சொல்லியாக வேண்டும் என்பதால் உன் தலைப்புக்குப் பதிலாகவே இதை அடிக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள். உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் தாலுகா ஆபீஸ் வாசலில் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு மனு அடித்தவள். கல்யாணத்துக்கு முன்னாலேயே தமிழ் டைப்பிங் லோயர் பாஸ் பண்ணியிருந்தேன், அந்தப் படிப்புதான் நமக்குச் சோறு போட்டது. கடைமடைக்கு ஏரித் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் வருவார். பட்டாவில் அண்ணன் பேர் மட்டும் இருக்கிறது, என் பேர் இல்லை என்று ஒருவர் வருவார். அவர்கள் அழுவதையும் திட்டுவதையும் கேட்டுக்கொண்டு, "ஐயா, நான் மேற்படி கிராமத்தில் பயிர் செய்து வருகிறேன்" என்று ஆரம்பிப்பேன். காலையில் நான் நாலு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி, பத்து நிமிஷம் கழித்து நான் நடக்க முடியாத கிழவர், மத்தியானம் நான் கணவனை இழந்த பெண். மனு அடிக்கிறவள் "நான்" என்று அடித்தால் அது அவள் இல்லை என்பது அந்த வாசலில் எல்லாருக்கும் தெரியும். உன் நைனா போன பிறகு, பூத்துக்கு லைசென்ஸ் கேட்டு அடித்த மனுவில்தான் முதல்தடவையாக "நான் கணவனை இழந்தவள்" என்று எனக்காக அடித்தேன். அன்றைக்கு "நான்" என்ற அந்த இரண்டு எழுத்தை அடிக்க விரல் வரவில்லை. எத்தனை பேருக்கு அடித்த வார்த்தை அது. இந்தப் பழக்கம்தான் பிற்பாடு என்னை இந்த வம்பில் கொண்டுவந்து விட்டது, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

பூத் வந்தது, ஜெராக்ஸ் மெஷின் வந்தது, அப்புறம் நீ காலேஜ் முடிக்கும் சமயத்தில் கம்ப்யூட்டரும் வந்தது. டைப்ரைட்டரில் எந்த எழுத்து எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் கம்ப்யூட்டரிலும் வரும்படி நீதான் ஏற்பாடு செய்து கொடுத்தாய். அதற்கு உனக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். பெங்களூரில் வேலை கிடைத்துப் போன பிறகு நண்பர்களோடு சேர்ந்து குழு ஆரம்பித்தாய். வாரத்துக்கு ஒரு தலைப்பு, எல்லாரும் தங்கள் கெட்ட பழக்கத்தில் ஒன்றைச் சொல்வது, மற்றவர்கள் யோசனை சொல்வது, அடுத்த வாரம் வந்து முடிந்ததா முடியவில்லையா என்று சொல்வது. ஆபீஸில் குழுவின் பக்கத்தைத் திறக்க விடமாட்டார்கள், அறையில் கம்ப்யூட்டர் இல்லை என்று சனிக்கிழமை காலையில் பூத்துக்குப் போன் பண்ணுவாய். "யம்மா, எழுதிக்கினியா? இந்த வாரம் நேர நிர்வாகம்" என்று நீ சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறாய் என்பது எனக்குப் புரியும். இலக்கு, திட்டமிடல், வெற்றி. ஒரு பெட்ரோல் பங்க் ஆள் ஐந்து மணிக்கு எப்படி எழுந்திருப்பது என்று கேட்டிருந்தார், நைட் ஷிப்ட் பார்க்கிறவர் அவர். நீ அவருக்கும் ஐந்து மணிக்கு எழுந்தால் வரும் நன்மைகளைச் சொன்னாய். நான் வாயை மூடிக்கொண்டு அடித்தேன். சொன்னதை அடிப்பதுதானே என் தொழில்.

அப்புறம் உனக்கு வேலை அதிகமானது. போன் வருவது மத்தியானமானது, சாயங்காலமானது, வராமலும் போனது. ஒரு சனிக்கிழமை நானே பண்ணினால், "நீயே எதுனா போட்டுடும்மா, பேஜாரா கீது" என்றாய். அந்த வாரத் தலைப்பு கோபம். ஷார்ஜாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஊருக்குப் போன் பண்ணுகிறேன், பேச ஆரம்பித்தவுடன் மனைவியோடு சண்டை வந்துவிடுகிறது, வைத்த பிறகு வாரம் பூரா மனசு சரியில்லை என்று. எதையாவது போட்டுவிடு என்றால் அந்த மனுஷனுக்கு எதைப் போடுவது? ஆனால் எனக்கு அது தெரிந்த விஷயம். கண்ணாடிக் கதவுக்குள் நின்று பேசுகிறவர்களை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர்கள்தான் சண்டை போடுவார்கள். அவசரத்தில் முதல் வார்த்தையே பணம் வந்ததா, அதை ஏன் செய்தாய் என்றுதான் வரும். அதனால், எடுத்தவுடன் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேளுங்கள், பணப் பேச்சு நடுவில் வரட்டும், வைப்பதற்கு முன்னால் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசிவிட்டு வையுங்கள் என்று எழுதினேன். உன் பேரில்தான். இரண்டு வாரம் கழித்து அவர் வந்து, "ஏரிக்கரையான் அண்ணே, நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன், அவ அழுதுட்டா, நல்ல அழுகைதான்" என்று எழுதினார். நான் பூத்தில் உட்கார்ந்துகொண்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வெளியே ஒருத்தர் சில்லறை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தது காதில் விழவே இல்லை.

அதிலிருந்து தலைப்பும் நான்தான், பதிலும் நான்தான். நீ எப்போதாவது எட்டிப் பார்ப்பாய். ஒரு சமயம் எவனோ புதிதாகச் சேர்ந்து அசிங்கமாக எழுதிவிட்டுப் போனான், பெண்கள் பாதிப் பேர் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கு நான்தான் ஒரு விதி எழுதிப் போட்டேன். புதிதாகச் சேருகிறவர் எழுதுவதை மட்டுறுத்துநர் படித்துப் பார்த்து அனுமதித்தால்தான் வெளியே தெரியும் என்று. மட்டுறுத்துநர் என்றால் யார், நீதான். நீ என்றால் யார், நான்தான். சிகரெட்டை விட்டவர்கள், மாமியாரோடு பேச ஆரம்பித்தவர்கள், இன்டர்வியூவில் கை நடுங்காமல் உட்காரக் கற்றுக்கொண்டவர்கள் என்று வாராவாரம் வந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எல்லாருக்கும் நீதான் அண்ணன். மீசை வைத்த அண்ணன் ஒருத்தன் ஏரிக்கரையில் உட்கார்ந்து யோசிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். நைட்டியும் துண்டும் போட்டுக்கொண்டு ஒருத்தி ஜெராக்ஸ் எடுப்பதற்கு நடுவில் அடிக்கிறாள் என்று யாருக்குத் தெரியும். நான் செய்ததும் பித்தலாட்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது இன்னொரு மனுவாகத்தான் தெரிந்தது. உனக்காக அடிக்கும் மனு.

அப்புறம் வந்தது அந்தத் தலைப்பு. "பெற்றவர்களிடம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி." எல்லாரும் அப்பாவைப் பற்றியே எழுதினார்கள். நீ, அதாவது ஏரிக்கரையான், ஏதாவது எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் உன் பேரில் உட்கார்ந்து என்னைப் பற்றி எழுதினேன். "என் அம்மா" என்று ஆரம்பித்தேன். நைனா இறந்த காரியம் முடிந்த மறுநாள் தாமலிலிருந்து என் அண்ணன் வண்டி கொண்டுவந்து, மெஷினை வித்துட்டு எங்க வூட்டாண்ட வந்துடு, ஒரு மூலையில இருந்துக்கோ என்று சொன்னதை எழுதினேன். என் அம்மா மெஷினைத் துடைத்து, ரிப்பன் மாற்றி, தூக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்குப் போனாள் என்று எழுதினேன். வெள்ளைப் புடவையோடு முதல் வரிசையில் உட்கார்ந்தால் மனு கொடுக்க வருகிறவர்கள் சகுனம் பார்த்து விலகிப் போனதை எழுதினேன். அன்றைக்கு அவள் மரத்துக்குப் பின்பக்கமாக மெஷினை நகர்த்தி வைத்துக்கொண்டாள், எழுந்து வீட்டுக்கு வரவில்லை என்று எழுதினேன். கடைசியில் உன் குரலில் ஒன்று எழுதினேன். "அன்று சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்தபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். நீ சாப்பிட்டாயா என்று நான் அவளைக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது." இதை அடிக்கும்போது நான் அழுதேன், சொல்வதற்கென்ன. நீ கேட்டுவிட்ட மாதிரியே இருந்தது. நானே கேள்வியும் கேட்டு, நானே மனசும் ஆறிக்கொண்டேன். அந்த அளவுக்கு எனக்குப் பஞ்சம்.

நீ அதைப் படித்தாய். எனக்குத் தெரியும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை நீயே போன் பண்ணினாய். இப்போது கேட்பான் என்று நினைத்தேன். "யம்மா, இன்னாமா செமயா எழுதிக்கீற! எவ்ளோ ரிப்ளை வந்துக்கீது பாத்தியா?" என்றாய். நான், "படிச்சியா நீ?" என்றேன். "படிச்சேம்மா, சூப்பரு. அப்டியே மெயின்டெய்ன் பண்ணு" என்றாய். போன் வைத்துவிட்டாய். நீ கேட்கவில்லையடா. எழுதிக் காட்டிய பிறகும் உனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அந்தப் பதிலைப் படித்துத்தான் கோயம்புத்தூரிலிருந்து கவிதா எழுதினாள். அப்பாவோடு இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லாத பெண். அவளுக்கும் நான் பதில் எழுதினேன், அவள் போய் அவரோடு பேசினாள். அப்புறம் குழுவில் எழுதாமல் ஏரிக்கரையானுக்குத் தனியாக மெயில் போட்டாள். அதைத் திறந்த உடனே மூடிவிட்டேன். இது மனு இல்லை என்று தெரியாத அளவுக்கு நான் மடைச்சி இல்லை. உனக்குப் போன் பண்ணி, "அந்தக் கோயமுத்தூர்ப் பொண்ணு உனக்குத் தனியா எழுதிக்கீது, இனிமே நீயே பேசு, என்னாண்ட விடாதே" என்று சொன்னேன். நீ பேசினாய், பெங்களூரில் பார்த்தாய், பிடித்துப்போனது. அதுவரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். உண்மையை நீ முதல் சந்திப்பிலேயே சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். எங்க அம்மாதான்ப்பா அந்தக் கில்லாடி என்று சொல்லியிருப்பாய் என்றுகூட ஒரு நப்பாசை.

சித்திரையில் கவிதா வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். முந்தின நாளே நீ வந்து பூத்தை ஒழுங்கு பண்ணினாய். கம்ப்யூட்டர் மேல் துணியைப் போட்டு மூடி, என் நாற்காலியை எடுத்து ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போட்டாய். எதற்கென்று அப்போது புரியவில்லை. மறுநாள் பெரியவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், கவிதா அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்று முந்திரி உடைத்துக் கொடுத்தாள். "அத்தை, அவரு எழுதறதை நீங்க படிச்சிருக்கீங்களா?" என்றாள். நான் கேசரி கிளறுவதை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தேன். "உங்களுக்குக் கம்ப்யூட்டர் பக்கமே போக வராது, அதுக்குத் தனியா ஆள் வச்சிருக்கோம்னு சொன்னாருங்க. நான் வேணா ஒரு நாளைக்கு உட்கார வச்சுப் படிச்சுக் காட்டறேங்க" என்றாள். அப்புறம் ரிப்பன் மாற்றியது, மெஷினை மரத்துக்குப் பின்னால் நகர்த்தியது, எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் என்னிடமே சொன்னாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியது. "பெத்தவளை இந்த அளவுக்குப் புரிஞ்சு வச்சிருக்கிற ஆம்பிளையை நான் பார்த்ததே இல்லீங்க அத்தை. அதைப் படிச்ச அன்னிக்கே முடிவு பண்ணிட்டேனுங்க" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தால் நிலைப்படியில் நீ நிற்கிறாய். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றாய். நான் உன்னைப் பார்த்தேன், நீ என்னைப் பார்த்தாய். சொல்லுடா என்று கண்ணாலேயே கேட்டேன். "யம்மா, எல்லாருக்கும் காபி எடுத்துனு வரியா?" என்றாய். நான் காபி எடுத்துக்கொண்டு போனேன். "அப்டியாம்மா எழுதிக்கீறான் எம்புள்ள?" என்று அவளிடம் கேட்டுச் சிரிக்கவும் சிரித்தேன். கேசரி அடிப்பிடித்துவிட்டது, யாரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

அவர்கள் போன மறுநாள் குழுவைத் திறந்தால் கடவுச்சொல் தவறு என்று வந்தது. கை தவறியிருக்கும் என்று மறுபடி அடித்தேன், மறுபடி தவறு. உனக்குப் போன் பண்ணினேன். "செக்யூரிட்டிக்காக மாத்திட்டேம்மா. இனிமே நானே பாத்துக்கறேன், நீ ரெஸ்ட் எடு" என்றாய். ரெஸ்ட்! பூத்தில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து ராத்திரி வரைக்கும் இருக்கிறவளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான்டா ரெஸ்ட். என் வாயில் இருந்த வெற்றிலையைப் பிடுங்கின மாதிரி பிடுங்கிவிட்டு ரெஸ்ட் என்கிறாய். அதற்கு மேல் பேசினால் சிக்னல் இல்லை என்றாய். மெயில் போட்டேன், பதில் இல்லை. வாராவாரம் வெளியாளாகப் படிக்கிறேன். என்னுடைய பழைய தலைப்புகளைத் தூசி தட்டித் திருப்பிப் போடுகிறாய், பதில் மட்டும் மறுபடியும் இலக்கு, திட்டமிடல், வெற்றி. ஷார்ஜாக்காரர், "அண்ணே, கல்யாண டென்ஷனா, பழைய ஆளாவே இல்லியே" என்று எழுதியிருந்தார். நீ ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாய். அவருக்கு மறுபடி சண்டை வந்திருக்கிறது, அதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறார். உனக்கு அது புரியவில்லை.

இதோடு போயிருந்தால் நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்திருப்பேன், இப்படி எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். நிச்சயதார்த்தம் ஆனதிலிருந்து கவிதா ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் எனக்குப் போன் பண்ணுகிறாள். சமையல் கேட்பாள், பண்டிகை கேட்பாள். போன ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி பேசினாள். "அத்தை, தப்பா நினைக்காதீங்க. எழுதற ஆளு ஒருத்தரு, பேசற ஆளு ஒருத்தரு மாதிரியே இருக்குதுங்க. எங்கப்பாவுக்கு உடம்பு முடியலைன்னு சொன்னேன், சரியாயிரும்னு வச்சுட்டாருங்க. முன்னெல்லாம் எழுத்துல எவ்வளவு பதமா கேப்பாரு. எனக்குப் பயமா இருக்குதுங்க. நாந்தான் அதிகமா எதிர்பார்க்கறனா? நீங்க பெத்தவங்க, நீங்க சொல்லுங்க, அவரு எப்படிப்பட்ட ஆளு?" என்றாள்.

அவள் என்னை நம்பிக் கேட்டாள். எனக்கு எழுதுகிறோம் என்று தெரியாமலே ஒரு தடவை எனக்கு எழுதினாள், நல்லதுதான் சொன்னேன். தெரிந்து கேட்டபோது என்ன சொன்னேன் தெரியுமா? "கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாப் பொண்ணுக்கும் இப்டித்தாம்மா இருக்கும், மனசைப் போட்டு ஒயப்பிக்காதே" என்றேன். அவள், "சரிங்க அத்தை" என்று வைத்துவிட்டாள். ஆறுதல் அடைந்த மாதிரிதான் வைத்தாள், அதுதான் என்னை அறுக்கிறது. தாலுகா ஆபீஸ் வாசலில் அத்தனை வருஷம் உட்கார்ந்தும் நான் ஒரு பொய் மனு அடித்ததில்லை. இல்லாத நிலத்தை இருக்கிறது என்று அடி என்று சொன்னவனைத் துரத்தி விட்டிருக்கிறேன். உனக்காக வாயாலேயே ஒரு பொய் மனு கொடுத்துவிட்டேன். இரண்டாம் தடவை அது என் வாயில் வராது.

உன்னைக் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. உன் நைனாவுக்கும் பேசத் தெரியாது. நான் கஷ்டம் சொன்னால் அவர் பாட்டுக்கு எழுந்து போய் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுவார். ஆனால் பேசத் தெரிந்த மாதிரி ஒரு நாளும் அவர் நடிக்கவில்லை, அதனால் எனக்கு ஏமாற்றமும் இல்லை. எண்ணெய் விடுகிற மனுஷன் என்று தெரிந்துதான் குடித்தனம் பண்ணினேன், நன்றாகத்தான் பண்ணினேன். உனக்கும் உன்னுடைய குணம் ஒன்று இருக்கிறது. மழையில் பூத்தின் போன் லைன் அறுந்தபோது ஜுரத்தோடு ஏணி போட்டு ஏறியவன் நீ. அந்த ஆளை அவளுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். அவளுக்குக் காட்டினால்தானே தெரியும்? இப்போது அவள் கழுத்தை நீட்டப் போவது என்னுடைய எழுத்துக்கு. தாலி கட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்து, அந்த ஏரிக்கரையானைக் கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடுவாள். அவன் அங்கே இருக்க மாட்டான். அவன் இங்கே பஸ் ஸ்டாண்டில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருப்பான். ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு வாழ்க்கை அமைவதற்கு நான் காரணமாக இருக்க மாட்டேன். எனக்குப் பாராட்டு வேண்டாம், மேடை வேண்டாம், கடவுச்சொல்கூட வேண்டாம். அந்தப் பதில்களை எழுதியது நான் இல்லை, எங்க அம்மா என்று அவளிடம் ஒரு வார்த்தை. அவள் கோபப்படுவாள், அழுவாள், கல்யாணம் நின்றாலும் நிற்கும். நின்றால் ஊரில் நான்தான் பதில் சொல்ல வேண்டும், உன் மாமனும் தாமலிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வருவான். வரட்டும். மெஷினோடு உட்கார்ந்திருந்தபோது பார்த்த பார்வைகளுக்கு மேலே எவனும் புதிதாகப் பார்த்துவிட மாட்டான்.

உண்மையைச் சொல்வது எப்படி என்று கேட்டிருக்கிறாயே, போன வருஷம் இதற்கு நான் எழுதிய பதிலே இருக்கிறது, எடுத்துப் படி. சுற்றி வளைக்காதீர்கள், சாப்பாட்டு நேரத்தில் சொல்லாதீர்கள், சொல்லிவிட்டு உடனே எழுந்து போகாதீர்கள், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருங்கள். நூறு பேர் அதற்கு நன்றி சொன்னார்கள், உன் பேருக்கு.

நான் புது உறுப்பினர். நான் எழுதிய விதிப்படி இது இன்னும் யார் கண்ணிலும் பட்டிருக்காது, மட்டுறுத்துநர் கண்ணைத் தவிர. நீ தினமும் திறந்து பார்க்கிற ஒரே இடம் அதுதான் என்று தெரிந்துதான் இங்கே போட்டேன். கீழே இரண்டு பொத்தான் இருக்கும். "அனுமதி" என்பதை அழுத்தினால் எல்லாரும் படிப்பார்கள், அவளும் படிப்பாள். "நீக்கு" என்பதை அழுத்திவிட்டு, வண்டி பிடித்துக் கோயம்புத்தூர் போய் அவள் எதிரில் உட்கார்ந்து நீயே சொன்னால் அது இதைவிட நல்லது. அழுத்திவிட்டுச் சும்மா இருந்துவிடலாம் என்றும் தோன்றும். உன்னைப் பெற்றவளுக்கு அது தெரியாதா?

பூத் மனுவுக்குப் பிறகு "நான்" என்று எனக்காக அடிப்பது இதுதான் இரண்டாவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கவிதா போன் பண்ணுவாள், நீங்க பெத்தவங்க, சொல்லுங்க என்று கேட்பாள். பூத்தில் நான்தான் இருப்பேன்.

உன் அம்மா